வயல் மண்ணில் உலோக நஞ்சு: இடத்தைக் காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவி

ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே நாற்றங்காலிலிருந்து பறித்த நாற்றை நட்டு, ஒரே அளவில் உரமும் இட்டாயிற்று. ஆனால் தண்ணீர் பாயும் வாய்மடைக்குப் பக்கத்தில் பயிர் குட்டையாக நிற்கிறது; தூர் கட்டவில்லை; கதிர் பால் பிடிக்காமல் பதராகிறது. மடையை விட்டுத் தள்ளிப் போகப் போகப் பயிர் செழிப்பாக இருக்கிறது. முதல் தண்ணீர் குடிக்கும் பயிர்தானே நன்றாக வளர வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறது.

வங்கதேசத்தில் பரீத்பூர் மாவட்டத்து நெல் வயல்களில் காணப்பட்ட நிலை இது. காரணம் பூச்சியும் அல்ல, நோயும் அல்ல, உரக் குறைவும் அல்ல. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்து மண்ணில் படிந்த ஆர்சனிக் என்னும் நஞ்சுதான் காரணம். சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் எனப்படுவது இதன் ஒரு வடிவமே.

மண்ணில் இத்தகைய நஞ்சு இருக்கிறதா, இருந்தால் வயலின் எந்த மூலையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஓரிரு நிமிடத்தில் காட்டக்கூடிய கையடக்க எக்ஸ்ரே கருவிகள் இப்போது உலகின் பல பகுதிகளில் பயன்படுகின்றன. இக்கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைச் சிறு விவசாயிகளும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏனெனில் இடம் தெரியாமல் செய்யும் வைத்தியம் பணத்தை வீணாக்கும்; எந்த உலோகம் என்று தெரியாமல் செய்யும் வைத்தியமோ தீமையாகவே முடியலாம்.

தண்ணீரோடு வந்த நஞ்சு

வங்கதேசத்தில் முன்பு மழைக்காலத்து நெல்லான 'ஆமன்' பயிரே முக்கியமாக இருந்தது. பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. குளிர்காலத்தில் நட்டு, கோடைத் தொடக்கத்தில் அறுவடையாகும் 'போரோ' நெல் பரவியது. இன்று அந்நாட்டின் நெல் விளைச்சலில் பாதிக்கு மேல் இந்தப் போகத்திலிருந்தே கிடைக்கிறது. மழையில்லாத காலமாகையால் முழுக்க முழுக்க இறைவைத் தண்ணீரையே இது நம்பியிருக்கிறது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அடுக்குகளில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருக்கிறது. ஆழம் குறைந்த கிணறுகளின் நீரில் அது கரைந்து வருகிறது. 2000-ம் ஆண்டிலிருந்து 2003 வரை வங்கதேசத்தில் ஏறத்தாழ 50 லட்சம் குடிநீர்க் குழாய்க் கிணறுகள் சோதிக்கப்பட்டன. நஞ்சுள்ள கிணற்றின் வாய்க்குச் சிவப்பு வண்ணமும், நல்ல கிணற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எதில் தண்ணீர் பிடிக்கலாம் என்பதை அறிந்துகொண்டனர். ஆனால் அதே நில அடுக்கிலிருந்து வயலுக்கு இறைக்கும் கிணறுகளுக்கு இப்படிச் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒரு போகத்துக்கு வயலில் மொத்தம் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் பாய்ச்சினால், ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர் ஆகிறது. அந்த நீரில் லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தால், ஒரே போகத்தில் ஒரு ஏக்கரில் அரை கிலோவுக்கு மேல் ஆர்சனிக் வந்து இறங்கிவிடுகிறது. மழைக்கால வெள்ளம் இதில் ஒரு பகுதியை அடித்துச் செல்லும். மீதி மண்ணிலேயே தங்கி, ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

மடைவாயில் அதிகம், கடைக்கோடியில் குறைவு

இந்த நஞ்சு வயல் முழுதும் சமமாகப் பரவுவதில்லை. கிணற்று நீரில் இரும்பும் கரைந்திருக்கிறது. நீர் வெளியே வந்து காற்றுப் பட்டதும் அந்த இரும்பு துருவாக மாறிப் படிகிறது. வாய்க்காலிலும் மடையிலும் காவி நிறத்தில் படிந்திருப்பது இந்தத் துருவே. ஆர்சனிக் அந்தத் துருவோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறது. ஆகவே மடைவாய்ப் பகுதியில் அதிகமாகவும், கடைக்கோடியில் குறைவாகவும் சேர்கிறது.

பின்னர் வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று இல்லாமல் போகிறது. துரு மறுபடி கரைகிறது. ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு வேர்ப் பகுதிக்கு வருகிறது. நெற்பயிர் மணற்சத்தாகிய சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் இந்த நஞ்சும் உள்ளே நுழைந்துவிடுகிறது. மற்ற தானியங்களைவிட நெல்லில் இது அதிகம் ஏறுவதற்கு இந்த இரண்டும் காரணம்.

பரீத்பூரில் ஒரே ஒரு கிணற்றுப் பாசனத்தில் இருந்த சுமார் 20 ஏக்கர் நிலத்தை ஆராய்ந்து 2009-ல் முடிவுகள் வெளியிடப்பட்டன. கிணற்று நீரில் லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தது. நிலத்தின் ஒரு பகுதியில் கிலோ மண்ணுக்கு 12 மில்லிகிராம் அளவே இருந்த ஆர்சனிக், மற்றொரு பகுதியில் 57 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. அங்கு பயிரான பிரி தான் 29 என்னும் ரகம் நல்ல பகுதியில் ஹெக்டேருக்கு 7 முதல் 9 டன் விளைந்தது. அதாவது ஏக்கருக்கு 2,800 முதல் 3,600 கிலோ. நஞ்சு மிகுந்த பகுதியில் அதே ரகம் ஹெக்டேருக்கு 2 முதல் 3 டன், அதாவது ஏக்கருக்கு 800 முதல் 1,200 கிலோதான் கொடுத்தது. மொத்த நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால் விளைச்சல் இழப்பு சுமார் 16 சதவீதம்.

ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருக்கும் குடும்பத்தில் யாருடைய நிலம் மடைவாயில் இருக்கிறதோ அவரே பெரிய நஷ்டத்தைச் சுமக்கிறார். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் யூரியா இடுகிறவருக்கு உரச் செலவும் கூடிவிடுகிறது.

கருவி வேலை செய்யும் விதம்

சந்தையில் பாத்திரம் வாங்குகிறவர் தட்டிப் பார்த்து வாங்குவார். வெண்கலத்துக்கு ஓர் ஓசை, மண்பானைக்கு வேறு ஓசை. கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரே கருவியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது.

கருவியின் விசையை அழுத்தியதும் அதிலிருந்து எக்ஸ்ரே கதிர் மண்ணின் மீது விழுகிறது. மண்ணிலுள்ள அணுக்களின் உட்சுற்றிலிருந்து ஓர் எலெக்ட்ரானை அது தட்டிவிடுகிறது. அந்தக் காலி இடத்துக்கு வெளிச்சுற்றிலிருந்து வேறோர் எலெக்ட்ரான் இறங்கி வருகிறது. அப்போது அந்த அணு தன் பங்குக்கு ஒரு கதிரை வெளியிடுகிறது. ஈயத்துக்கு ஒரு கதிர், துத்தநாகத்துக்கு ஒரு கதிர், செம்புக்கு ஒரு கதிர் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி வலிமையுள்ள கதிர் உண்டு. மோஸ்லி என்ற ஆங்கில விஞ்ஞானி 1913-ல் இந்த ஒழுங்கைக் கண்டறிந்தார். திரும்பி வரும் கதிர்களைக் கருவி வகை பிரித்து எண்ணுகிறது. எந்த வகை என்பதிலிருந்து எந்த உலோகம் என்பதும், எத்தனை என்பதிலிருந்து எவ்வளவு என்பதும் தெரிகின்றன.

கருவி பார்ப்பதற்கு மரம் துளைக்கும் கைத் துளைப்பானைப் போல இருக்கும். எடை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மின்கலத்தில் இயங்கும். ஓர் அளவீட்டுக்கு அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை பிடிக்கும். அமிலத்தில் மண்ணைக் கரைத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைக்கு நாட்கணக்கில் ஆகும். மாதிரிக்கு மாதிரி செலவும் உண்டு. ஆகவே அம்முறையில் ஒரு வயலுக்கு ஒரு மாதிரி எடுப்பதே பெரிது. கைக்கருவியால் ஒரே நாளில் பல வயல்களில் மடைவாய், நடு, கடைக்கோடி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கருவியின் விலை பல லட்சம் ரூபாய். தனி விவசாயி வாங்கக்கூடியது அல்ல. ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் சுற்றுச்சூழல் துறைகளும் வைத்திருந்து பயன்படுத்த வேண்டியது.

கதிர் என்றதும் பயப்பட வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. விசையை அழுத்தியிருக்கும் நேரத்தில் மட்டுமே கதிர் வரும். சோதித்த மண்ணில் கதிர்வீச்சு தங்குவதில்லை. அந்த வயலில் வழக்கம்போலப் பயிர் செய்யலாம். ஆனால் கருவியை ஆட்கள் பக்கம் திருப்புவதோ, மண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு சோதிப்பதோ கூடாது. பயிற்சி பெற்றவரே இயக்க வேண்டும். இந்தியாவில் எக்ஸ்ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையில் வருகின்றன.

பரீத்பூரில் கண்ட தீர்வு

நஞ்சு மேல்மண்ணில்தான் அதிகம், அடிமண்ணில் குறைவு என்பது தெரிந்தபின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தனர். 16 விவசாயிகளின் நிலங்களில் ஆர்சனிக் அதிகமுள்ள 13 பாத்திகளையும் குறைவாக உள்ள 13 பாத்திகளையும் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள 15 சென்டிமீட்டர் மண்ணை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டனர். நீர், உரம், பராமரிப்பு எல்லாம் அந்தந்த விவசாயியின் வழக்கப்படியே நடந்தன. நல்ல மண் வந்த இடத்தில் விளைச்சல் உயர்ந்தது; கெட்ட மண் வந்த இடத்தில் குறைந்தது. மண்ணிலுள்ள ஆர்சனிக்தான் விளைச்சலைக் குறைக்கிறது என்பது இதனால் ஐயமற உறுதிப்பட்டது. 2017-ல் வெளியான இந்த ஆய்வு, ஆர்சனிக் நீர்ப் பாசனத்தால் நாடு முழுவதிலும் போரோ நெல்லில் 7 முதல் 26 சதவீதம் வரை இழப்பு இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

அடுத்ததாக, மேல்மண்ணை அடியிலும் அடிமண்ணை மேலும் புரட்டிப் போடும் முறையைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டனர். மேல்மண்ணில் ஆர்சனிக் சுமார் 40 சதவீதம் குறைந்தது. முதல் போகத்தில் பயிர் சற்றுத் தடுமாறியது. ஏனெனில் அடிமண்ணில் மக்குச் சத்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. அதன் பிறகு வந்த போகங்களில், புரட்டாத பாத்திகளைவிட 15 முதல் 30 சதவீதம் வரை அதிகம் விளைந்தது.

இந்த வேலைக்குக் கூலி ஆள் மிகுதியாக வேண்டும். முழு வயலையும் புரட்டுவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. எந்தப் பகுதியில் நஞ்சு அதிகமோ அதை மட்டும் புரட்டினால் செலவு அடங்கும். அதற்கு அந்தப் பகுதியின் எல்லை தெரியவேண்டும். பரீத்பூர் வயல் மண்ணில் ஆர்சனிக் அளவை அறிய எக்ஸ்ரே முறை பயன்பட்டதன் பொருள் இதுதான். மண்வெட்டியை எங்கே போடுவது, எங்கே நிறுத்துவது என்று அது காட்டுகிறது.

மண்ணைப் புரட்டிவிட்டு அதே நஞ்சு நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் பட்ட பாடு சில ஆண்டுகளில் வீணாகிவிடும். நீரையும் சோதித்து, கூடுமானால் வேறு கிணற்றுக்கோ ஆற்று நீருக்கோ மாறுவதே நிரந்தர வழி.

ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு நஞ்சு

நெல் வயலில் எப்போதும் நீர் கட்டி வைக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மண்ணுக்குள் காற்றுப் புகும். துரு கரையாது, ஆர்சனிக் வேருக்கு எட்டாது. நஞ்சு நீரும் குறைவாகவே வயலுக்குள் வரும். ஆகவே ஆர்சனிக் உள்ள வயலுக்கு இது நல்ல முறை.

ஆனால் அந்த வயலில் இருப்பது காட்மியம் என்ற உலோகமாக இருந்தால் கதை நேர்மாறு. காட்மியம் நீர் தேங்கிய மண்ணில் அடங்கிக் கிடக்கும். வயலைக் காயவிட்டால் விடுபட்டு நெல்மணிக்கு ஏறிவிடும்.

ஜப்பானில் தொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றுப் பாசனத்து விவசாயக் குடும்பங்கள் இதனால் பட்ட துன்பம் உலகறிந்தது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள காமியோகா சுரங்கத்திலிருந்து வந்த கழிவில் காட்மியம் இருந்தது. அது பாசன நீர் வழியே நெல் வயல்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த அரிசியை உண்டும் அந்த நீரைக் குடித்தும் வந்தவர்களுக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்புகள் ஒடிந்தன. வலி தாளாமல் அவர்கள் கதறிய சொல்லே நோய்க்கும் பெயராகி, 'இத்தாய்-இத்தாய்' நோய் எனப்பட்டது. 1968-ல் ஜப்பான் அரசு இதைச் சுற்றுச்சூழல் சீர்கேட்டால் வந்த நோய் என்று அறிவித்தது. நச்சு மேல்மண்ணைப் புதைத்து அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பி வயல்களைச் சீராக்கும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. சீராக்கப்பட்ட நிலம் 800 ஹெக்டேருக்கும் அதிகம். காட்மியம் உள்ள வயல்களில் கதிர் வெளிவரும் பருவத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் நீர் கட்டி வைக்கும்படி ஜப்பானிய விவசாயிகளுக்குச் சொல்லப்படுகிறது.

ஆர்சனிக் என்றால் வடிக்க வேண்டும். காட்மியம் என்றால் கட்ட வேண்டும். எந்த உலோகம் என்று தெரியாமல் எதைச் செய்தாலும் அது குருட்டு வைத்தியமாகவே இருக்கும்.

கருவியால் இயலாதவை

இக்கருவிக்குக் குறைபாடுகள் உண்டு. அவற்றை அறியாமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தவறு நேரும்.

முதலாவதாக, எல்லா உலோகத்தையும் இது ஒரே நுட்பத்தோடு காண்பதில்லை. ஈயம், துத்தநாகம், செம்பு, ஆர்சனிக், மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றை நன்றாகக் காட்டும். காட்மியம் மண்ணில் கிலோவுக்கு ஓரிரு மில்லிகிராம் இருந்தாலே கவலைக்குரியது. அத்தனை சிறிய அளவு கைக்கருவியின் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். 'காட்மியம் இல்லை' என்று கருவி காட்டினால், அது உண்மையிலேயே இல்லை என்று பொருளல்ல. அதற்கு ஆய்வுக்கூடச் சோதனைதான் வேண்டும்.

இரண்டாவதாக, ஆர்சனிக்கின் முக்கியக் கதிரும் ஈயத்தின் ஒரு கதிரும் ஏறக்குறைய ஒரே வலிமை உடையவை. ஒரே ஓசையுள்ள இரண்டு பாத்திரங்கள் போல. ஈயம் மிகுந்த மண்ணில் ஆர்சனிக் அளவை நம்பிச் சொல்வது கடினம்.

மூன்றாவதாக, ஈர மண்ணில் அளவு குறைத்துக் காட்டும். நீர் கதிரை விழுங்கிவிடுகிறது. கதிர் மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதும் இல்லை. சேற்று வயலில் நேரே கருவியை வைத்து அளப்பது பயன் தராது. மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, நன்றாகக் கலந்து வைத்து அளந்தால்தான் எண் நம்பத்தக்கதாக இருக்கும்.

நான்காவதாக, மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே இது சொல்லும். பயிருக்குக் கிடைப்பது எவ்வளவு என்று சொல்லாது. துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளலாம். மண்ணில் மொத்தத் துத்தநாகம் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருந்தாலும், பயிர் எடுக்கக்கூடிய நிலையில் ஒரு மில்லிகிராம்கூட இல்லாமல் போகலாம். களர் நிலத்திலும் சுண்ணாம்பு மண்ணிலும் இது சாதாரணம். அப்போது நெல்லில் துத்தநாகப் பற்றாக்குறை வந்தே தீரும். ஆகவே கருவி காட்டிய எண்ணைப் பார்த்து, ஏக்கருக்கு இடும் 10 கிலோ துத்தநாக சல்பேட்டை நிறுத்திவிடக் கூடாது.

ஐந்தாவதாக, தழைச்சத்தை இது அறவே காணாது. கார அமில நிலையையும் உப்பின் அளவையும் சொல்லாது. வழக்கமான மண் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல. அதற்கு மேல் தேவைப்படும்போது செய்யும் துணைச் சோதனையே.

பாலாற்றங்கரைக்கு ஒரு பாடம்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு நேரடியாகப் பொருந்தும் இடம் பாலாற்றுப் படுகை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிலில் குரோமிய உப்பு பயன்படுகிறது. கழிவு நீரால் கிணறுகளும் விளைநிலங்களும் பாழானது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் அதில் வலியுறுத்தியது. பாதிப்புத் தொடர்வது குறித்தும் இழப்பீடு குறித்தும் 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவுகள் பிறப்பித்தது.

குரோமியத்தைப் பொறுத்தவரை எக்ஸ்ரே கருவியின் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். குரோமியத்தில் இரு வகை உண்டு. ஒன்று மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடப்பது. மற்றொன்று நீரில் எளிதாகக் கரைந்து ஓடுவது; இதுவே கொடியது. கருவி இரண்டையும் பிரிக்காமல் குரோமியம் என்றே காட்டும். கொடிய வகை எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடமே சொல்லமுடியும்.

இன்னொன்று: எல்லா மண்ணிலும் இயற்கையாகவே ஓரளவு குரோமியம் உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியைப் போலக் குரோமியத் தாதுப் பாறை உள்ள இடங்களில், எந்தத் தொழிற்சாலையும் இல்லாமலேயே மண்ணில் குரோமியம் அதிகமாக இருக்கும். எனவே பாதிக்கப்பட்ட வயலை மட்டும் அளந்தால் போதாது. அதே வகை மண் உள்ள, கழிவு நீர் பாயாத பக்கத்து நிலத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். அந்த வித்தியாசமே விவசாயிக்குச் சான்று. சர்வே எண் வாரியாக எங்கே எவ்வளவு என்ற வரைபடம் கையில் இருந்தால், 'எங்கள் நிலம் கெட்டுவிட்டது' என்ற முறையீட்டுக்கு வலு கூடும். அதோடு சில மாதிரிகளின் ஆய்வுக்கூட முடிவையும் சேர்த்து வைப்பது அவசியம்.

மண் மாதிரி எடுக்கும் முறை

சாதாரண மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது வாய்க்கால் ஓரம், வரப்பு ஓரம், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கும்படி சொல்லப்படுகிறது. உலோக நஞ்சைத் தேடும்போது இந்த விதி மாறுகிறது. தவிர்க்கச் சொன்ன மடைவாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. வயலை மடைவாய், நடு, கடைக்கோடி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்றின் மண்ணையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் நஞ்சுள்ள மூலை மறைந்துவிடும்.

2. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சீவி எடுக்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியைப் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் வாளி நல்லது.

3. ஒரு பகுதியின் மண்ணை நன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்க வேண்டும். அரை கிலோ வரும்வரை இப்படிச் செய்யவேண்டும்.

4. நிழலில் உலர்த்தி, கட்டிகளை மரக்கட்டையால் உடைத்து, சலித்து, சுத்தமான பையில் இடவேண்டும். உரச் சாக்கு, பூச்சிமருந்துப் பை கூடவே கூடாது.

5. பெயர், சர்வே எண், வயலின் எந்தப் பகுதி, எந்தக் கிணற்று நீர், என்ன பயிர் என்பவற்றைச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

6. பாதிக்கப்படாத பக்கத்து நிலத்திலிருந்து ஒரு மாதிரியும், பாசன நீரில் ஒரு லிட்டரும் சேர்த்து எடுக்கவேண்டும்.

7. ஒரே மாதிரியை மண்ணைக் கிளறிக் கிளறி மூன்று முறையாவது அளக்கச் சொல்ல வேண்டும். மூன்று எண்களும் ஏறக்குறைய ஒத்திருந்தால் நம்பலாம்.

எல்லா நிலத்துக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. தொழிற்சாலைக் கழிவு நீர் பாயும் நிலம், நகரச் சாக்கடை நீரில் காய்கறியும் கீரையும் விளையும் நிலம், சுரங்கம் அல்லது உலோகம் உருக்கும் ஆலைக்கு அருகிலுள்ள நிலம், பழைய குப்பைமேட்டு மண் கொட்டிய நிலம் ஆகியவற்றுக்கு இது பயன்படும். உரமும் மருந்தும் சரியாக இட்டும் ஒரே வயலில் ஒரு பகுதி மட்டும் ஆண்டுதோறும் காரணமின்றி நலிந்துவந்தாலும் சந்தேகப்படலாம். அப்போது அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, உலோகச் சோதனைக்கு எங்கே வசதி உள்ளது என்று கேட்டறியலாம். ஊரில் பலர் சேர்ந்து கேட்டால் வேலை எளிதாகும். ஒரு கிணற்றின் நீர் பல பேர் வயலில் பாய்கிறது; ஒரு வயலின் எண் அடுத்த வயலுக்கும் பாடமாகும்.

பதராய்ப் போன மடைவாய்ப் பயிரைப் பார்த்து மேலும் ஒரு மூட்டை யூரியா வாங்கக் கடைக்குப் போகுமுன், அந்த மூலையின் மண்ணைத் தனியே எடுத்துச் சோதிப்பது மேல். குடிநீர்க் கிணற்றுக்குச் சிவப்பும் பச்சையும் பூசியது போல, வயலிலும் எது சிவப்பு மூலை, எது பச்சை மூலை என்று தெரிந்துவிட்டால், உழைப்பையும் செலவையும் வேண்டிய இடத்தில் மட்டும் போடலாம். மற்ற நிலத்தில் அச்சமின்றிப் பயிர் செய்யலாம்.